நவம்பர் வரை காத்திருக்காதீர்கள்: அமெரிக்க மேயர் தேர்தலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், ஈரி ஏரிக் கரையில் இருக்கிறது பஃபலோ. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 2,78,349. அமெரிக்கக் கணக்கில் நடுத்தர நகரம். 2021இல் அங்கே நடந்த மேயர் தேர்தலை, உள்ளூர் அரசியலைப் புரிந்துகொள்ள விரும்பும் யாரும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். நான்கு முறை மேயராக இருந்தவர் ஜூனில் தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் அதுவரை எந்தப் பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்படாத ஒரு செவிலியர். நவம்பரில், வாக்குச்சீட்டில் பெயர் அச்சாகாமலேயே பழைய மேயர் திரும்ப வந்து பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். நான்கு மாதத்துக்குச் சற்றே கூடுதலான இடைவெளியில் இரண்டு நேர்மாறான முடிவுகள். வேட்பாளர்கள், கட்சித் தலைவர்கள், செய்தியாளர்கள், வாக்காளர்கள் என்று எல்லோருமே இதில் ஏதோ ஒரு தவறு செய்தார்கள்.

அமெரிக்காவில் குடியுரிமை வாங்கிவிட்ட நம்மவர்களில் பலர் ஜனாதிபதி தேர்தலுக்கு வரிசையில் நிற்கிறார்கள், ஊர்த் தேர்தலை விட்டுவிடுகிறார்கள். குப்பை எடுப்பது, பனி அள்ளுவது, போலீஸ், வீடு கட்டும் அனுமதி, சொத்து வரி என்று தினசரி வாழ்க்கையைத் தொடும் பல முடிவுகள் நகரசபைக் கட்டடத்தில்தான் எடுக்கப்படுகின்றன. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு: ஜூனை விட்டுவிடுவது

பஃபலோ காலங்காலமாக டெமாக்ரட் கட்சியின் கோட்டை. 2021இல் குடியரசுக் கட்சி மேயர் வேட்பாளரையே நிறுத்தவில்லை. இப்படிப்பட்ட நகரத்தில், கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தல்தான் உண்மையான தேர்தல். நியூயார்க்கில் அது ஜூன் மாதம் நடக்கிறது. பள்ளி ஆண்டு முடிகிற நேரம், கோடை விடுமுறைத் திட்டங்கள் ஓடிக்கொண்டிருக்கும் நேரம். 2021 ஜூன் 22 அன்று வாக்களித்தவர்கள் சுமார் 23,000 பேர். பதிவு செய்த டெமாக்ரட்டுகளில் கால்வாசிப் பேர்கூட வரவில்லை. செவிலியரான இந்தியா வால்டன், மேயர் பைரன் பிரவுனைத் தோற்கடித்தது ஏறக்குறைய ஆயிரம் வாக்குகளில்.

ஆயிரம் வாக்கு என்பது நாலைந்து தெருக்கள், ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டு தேவாலயங்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஜனாதிபதி தேர்தலில் உங்கள் ஒரு ஓட்டு கடலில் கரைகிறது என்று நீங்கள் நினைத்தால் அதைப் புரிந்துகொள்ள முடியும். நகரத் தேர்தலில் அந்தச் சாக்கு செல்லாது.

இதற்குள்ளேயே இன்னொரு தவறும் இருக்கிறது. நியூயார்க்கில் பிரைமரி மூடியது, அதாவது அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டுமே அதில் வாக்களிக்கலாம். குடியுரிமை உறுதிமொழி எடுத்த கையோடு வாக்காளர் படிவத்தை நிரப்பும்போது, கட்சி என்ற இடத்தில் 'எந்தக் கட்சியும் இல்லை' என்று குறிப்பது நம்மவர்களிடம் சகஜம். நடுநிலையாக இருப்போமே, எதற்கு வம்பு என்ற எண்ணம். அது உங்கள் உரிமை, அதில் தப்பில்லை. ஆனால் பஃபலோ போன்ற ஊரில் அந்த ஒரு குறி உங்களைத் தீர்மானமான தேர்தலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் கெடு உண்டு. ஜூன் பிரைமரிக்கு நியூயார்க்கில் பிப்ரவரி 14க்குள் கட்சியை மாற்றியிருக்க வேண்டும். வேட்பாளர்கள் யார் யார் என்றே பாதிப் பேருக்குத் தெரியாத மாதம் அது.

மற்ற ஊர்களில் நாள்காட்டி வேறு. டெக்சாஸில் நம்மவர்கள் நிறைந்த ஃப்ரிஸ்கோ, பிளேனோ போன்ற ஊர்களில் நகரத் தேர்தல் மே மாதம், கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கிறது. ஒஹாயோவின் சின்சினாட்டியில் மே மாதம் முதல் சுற்று, அதில் முன்னணியில் வரும் இருவர் நவம்பரில் மோதுவார்கள். தந்தை வழியில் இந்தியரான அஃப்தாப் புரேவல் 2021இல் அப்படித்தான் அங்கே மேயரானார். ஆகவே உங்கள் நகரத்தில், அல்லது மாவட்டத் தேர்தல் அலுவலகத்தின் தளத்தில், முதல் சுற்று எப்போது என்று முதலில் பாருங்கள். நவம்பர் தேதி எப்படியும் காதில் விழுந்துவிடும்.

எதிராளியைப் பெயர் சொல்லாமலே விட்டுவிடலாம் என்ற நினைப்பு

இது வேட்பாளர்கள் செய்யும் தவறு. பைரன் பிரவுன் 2005இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, பஃபலோவின் முதல் கறுப்பின மேயராக 2006 முதல் பதவியில் இருந்தவர். மாநில டெமாக்ரட் கட்சிக்கே தலைவராக இருந்தவர். வால்டனை அவர் பொருட்படுத்தவே இல்லை. நேருக்கு நேர் விவாதத்துக்கு வர மறுத்தார், பிரச்சாரமும் பேருக்குத்தான் நடந்தது. விவாதம் வைத்தால் எதிராளிக்கு விளம்பரம் கிடைத்துவிடும் என்பது பதவியில் இருப்பவர்களின் பழைய கணக்கு. வாக்குப்பதிவு அதிகமாக இருக்கும் தேர்தலில் அது பலிக்கலாம், ஏனென்றால் தெரிந்த பெயருக்குத்தான் கூட்டம் வாக்களிக்கும். குறைவான பேர் வரும் தேர்தலில் கதை வேறு. அங்கே வருபவர்கள் ஏதோ ஒரு காரணத்துக்காகக் கிளம்பி வருகிறார்கள். வால்டனின் ஆட்களுக்குக் காரணம் இருந்தது. வீட்டுவசதி, ஏழைப் பகுதிகளின் புறக்கணிப்பு, காவல்துறை என்று அவர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். பிரவுனின் ஆதரவாளர்களுக்கோ தங்கள் மேயருக்கு ஆபத்து இருப்பதே தெரியாது. மேயரே அலட்டிக்கொள்ளாதபோது அவர்கள் ஏன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்?

நவம்பரில் இதே பிரவுன் வேறு ஆளாக மாறினார் என்பதுதான் இந்தப் பாடத்தின் மறுபாதி. விவாத மேடைக்கு வந்தார், தெருத் தெருவாகப் போனார், எதிராளியைப் பெயர் சொல்லி விமர்சித்தார். ஜூனில் அந்த உழைப்பில் பாதியைக் காட்டியிருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

பிரைமரியில் தோற்றவர் முடிந்தார் என்று எண்ணுவது

ஜூன் மாத வெற்றிக்குப் பிறகு நாடு முழுக்க வந்த செய்திகளில் வால்டனை மேயராகவே ஆக்கிவிட்டார்கள். 1960இல் மில்வாக்கி மேயர் ஃபிராங்க் சைட்லரின் பதவிக்காலம் முடிந்தபின், பெரிய அமெரிக்க நகரம் ஒன்றுக்கு வரப்போகும் முதல் சோஷலிஸ்ட் மேயர் என்று எழுதினார்கள். எதிரே யாருமே இல்லை, பின் என்ன என்ற தைரியம்.

பிரவுன் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் புதுக்கட்சிப் பெயரில், கையெழுத்து மனு மூலம் வாக்குச்சீட்டில் ஏறப் பார்த்தார். அந்த மனுவுக்கான கெடு மே மாதத்திலேயே முடிந்திருந்தது, அவர் கொடுத்தது ஆகஸ்டில். கெடுவை இவ்வளவு முன்னால் வைப்பது நியாயமில்லை என்று வழக்குப் போட்டார். செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு மத்திய நீதிபதியும் ஒரு மாநில நீதிபதியும் அவர் பெயரைச் சேர்க்கச் சொன்னார்கள். இரண்டே வாரத்தில் மேல்முறையீட்டில் இரண்டு உத்தரவுகளும் விழுந்தன. சீட்டில் அவர் பெயர் இல்லை என்பது உறுதியானது.

மிச்சமிருந்தது ஒரே வழி. அமெரிக்க வாக்குச்சீட்டுகளில், அச்சான பெயர்களோடு, வாக்காளரே ஒரு பெயரை எழுதிப் போட ஒரு வெற்றுக் கட்டமும் இருக்கும். வழக்கமாகக் கார்ட்டூன் பாத்திரங்களின் பெயரை எழுதி எரிச்சலைத் தீர்த்துக்கொள்ளும் இடம் என்றுதான் பலர் அதை நினைக்கிறார்கள். பிரவுனின் குழு அந்தக் கட்டத்தையே தன் தேர்தலாக்கிக்கொண்டது. 'பைரன் பிரவுன் பெயரை எழுதுங்கள்' என்பதுதான் கோஷம். எழுதச் சிரமப்படுபவர்களுக்காக, எழுத்துப் பிழை வராமல் இருக்க, அவர் பெயர் பொறித்த ரப்பர் ஸ்டாம்புகளை விநியோகித்தார்கள். நியூயார்க் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. முடிவில் அவருக்கு 38,000க்கும் மேல், வால்டனுக்கு 25,000 சொச்சம்.

வால்டனுக்கு ஜூனில் கிடைத்ததைவிட நவம்பரில் இரண்டு மடங்குக்கும் மேல் கிடைத்தது, அப்படியும் தோற்றார். ஜூனில் வாக்களிக்க முடியாத குடியரசுக் கட்சியினரும் கட்சி சாராதவர்களும் நவம்பரில் உள்ளே வந்தார்கள். ஜூனில் வீட்டில் இருந்துவிட்ட டெமாக்ரட்டுகளும் வந்தார்கள். இரண்டும் ஒரே ஊரின் தேர்தல்தான், ஆனால் வாக்காளர் கூட்டம் வேறு. ஒரு கூட்டத்தை ஜெயித்துவிட்டு, மற்றதும் தானாக வந்துவிடும் என்று எண்ணுவதை விடப் பெரிய தவறு நகரத் தேர்தலில் இல்லை.

கெடு விஷயத்தில் டெட்ராய்ட்டின் 2013 தேர்தலையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மைக் டகன் என்ற வேட்பாளர் மனுக் கொடுக்கும் நாளில் நகரத்தில் ஓராண்டு குடியிருந்திருக்க வேண்டும் என்பது விதி. அவர் சுறுசுறுப்பாக முன்னாலேயே மனுவைக் கொடுத்துவிட்டார், ஓராண்டு முடிய இரண்டு வாரம் பாக்கி. கடைசி நாள்வரை காத்திருந்தால் பிரச்சினையே இல்லை. நீதிமன்றம் பெயரை நீக்கிவிட்டது. அவரும் எழுதிப் போடும் முறையில் நின்று, ஏறக்குறைய அதே பெயர் கொண்ட இன்னொருவரும் போட்டியில் இறங்கியதையும் தாண்டி, ஆகஸ்ட் பிரைமரியில் முதலிடம் பிடித்து, நவம்பரில் மேயரானார். ஒருவர் கெடு தாண்டிக் கொடுத்தார், ஒருவர் முந்திக் கொடுத்தார். விதிப்புத்தகம் இருவரையும் ஒரே மாதிரிதான் நடத்தியது. இருவரும் பிழைத்துக்கொண்டது அவர்களிடம் பணமும் அறிமுகமும் இருந்ததால். முதல்முறை நிற்கும் சாதாரண வேட்பாளருக்கு இப்படி ஒரு சறுக்கல் நேர்ந்தால் அத்தோடு கதை முடிந்தது.

வாக்கு எண்ணும் இரவில் அவசரப்படுவது

பஃபலோவில் அன்றிரவு வெளிவந்த எண்ணிக்கையில் பிரவுனின் பெயரே இல்லை. வால்டனுக்கு இவ்வளவு, 'எழுதிப் போட்டவை' மொத்தம் இவ்வளவு என்று மட்டும்தான் வந்தது. அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, யார் பெயர் என்று பிரித்துக் கணக்கிடப் பின்னர் நாட்கள் ஆயின. பிரவுன் அன்றிரவே வெற்றி உரை ஆற்றிவிட்டார், அது சரியாகவும் போயிற்று. வித்தியாசம் குறைவாக இருந்திருந்தால் எழுத்துப் பிழைகளை வைத்தே வழக்கு நடந்திருக்கும்.

கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் வேறு வகைச் சிக்கல். அங்கே வாக்காளர்கள் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்துகிறார்கள். கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். 2010இல் முதல் விருப்ப வாக்குகளில் டான் பெராட்டா நன்றாகவே முந்தியிருந்தார், கடைசியில் மேயரானது ஜீன் குவான். 2022இலும் முதல் விருப்பத்தில் லோரன் டெய்லர் முன்னால், வென்றது ஷெங் தாவ், 677 வாக்குகளில். தபால் வாக்குகளை எண்ணி முடிக்கவே அங்கே இரண்டு வாரம் பிடிக்கிறது. முதல் இரவில் முந்தியவர் பின்னால் போனால் மோசடி என்று வாட்ஸப்பில் பரப்பும் முன், உங்கள் ஊரில் எந்த முறையில் எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். இப்படிப்பட்ட வதந்தியை நம் குடும்பக் குழுக்களும் யோசிக்காமல் அனுப்பிவிடுகின்றன. தேர்தல் அலுவலகத்தில் இரவு பகலாக உட்கார்ந்து எண்ணுகிற சாதாரண ஊழியர்களுக்கு அது செய்யும் கெடுதல் சின்னதில்லை.

வாஷிங்டன் கண்ணாடி

வால்டன் எதிர் பிரவுன் போட்டியை நாட்டு ஊடகங்கள் டெமாக்ரட் கட்சிக்குள் இடதுசாரிகளுக்கும் மையவாதிகளுக்குமான போராகவே பார்த்தன. இடதுசாரி அணியின் பிரபல நாடாளுமன்ற உறுப்பினர் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ் பஃபலோவுக்கே வந்து வால்டனுக்காகப் பேசினார். செனட்டர் சக் ஷூமர் வால்டனை ஆதரித்தார். பஃபலோ பகுதியிலேயே பிறந்து வளர்ந்த ஆளுநர் கேத்தி ஹோக்கல் யாரையும் ஆதரிக்காமல் ஒதுங்கிக்கொண்டார். அந்தக் கோணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. காவல்துறைச் செலவைக் குறைக்கும் வால்டனின் திட்டத்தைப் பிரவுன் தன் பிரச்சாரத்தின் மையமாக்கினார், அது வேலையும் செய்தது.

ஆனால் பஃபலோ வாக்காளர்களின் கேள்விகள் வேறாகவும் இருந்தன. கிழக்குப் பகுதியில் ஏன் இவ்வளவு காலி மனைகள்? நதிக்கரையில் கொட்டிய முதலீட்டில் பாதியாவது இங்கே ஏன் வரவில்லை? பழைய மேயரைத் தெரியும், அவர் ஆட்களைத் தெரியும், புதியவர் வந்தால் என் வேலை என்ன ஆகும்? கட்சிக்குள் யார் எந்த அணி என்ற வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட முடியாது. நீங்கள் வாக்களிக்கப் போகும் மேயர் வெளியுறவுக் கொள்கையை மாற்றப்போவதில்லை, எச்1பி விசாவைத் தொடப்போவதில்லை. அவருடைய தொலைக்காட்சிப் பேச்சை விட, நகர வரவு செலவுத் திட்டத்தில் எதற்கு எவ்வளவு ஒதுக்கினார் என்பதைப் பார்ப்பது பலன் தரும்.

மேயரிடம் இல்லாததை மேயரிடம் கேட்பது

சென்னையில் மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், நிர்வாகத்தை ஆணையர் நடத்துகிறார். அந்தப் பழக்கத்தில் மேயர் என்றால் அலங்காரப் பதவி என்று நினைத்து அமெரிக்கத் தேர்தலை ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. பஃபலோவில் மேயர் உண்மையான நிர்வாகத் தலைவர். போலீஸ் ஆணையரை அவர்தான் நியமிக்கிறார், வரவு செலவுத் திட்டத்தை அவர்தான் முன்வைக்கிறார், ஒன்பது பேர் கொண்ட நகரசபை அதைப் பரிசீலிக்கிறது. ஆனால் எல்லா ஊரும் இப்படியில்லை. மேலே சொன்ன ஃப்ரிஸ்கோவிலும் பிளேனோவிலும் நகரசபை நியமிக்கும் நகர மேலாளர்தான் தினசரி நிர்வாகத்தை நடத்துகிறார், மேயர் சபைக்குத் தலைமை தாங்குகிறார். அங்கே மேயரை மட்டும் பார்த்துவிட்டு, சபை உறுப்பினர் தேர்தலை விட்டுவிட்டால் பாதி அதிகாரத்தைத் தவறவிடுகிறீர்கள்.

அதிகாரம் உள்ள மேயருக்கும் எல்லை உண்டு. பஃபலோவில் பள்ளிகளை நடத்துவது தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி வாரியம். பஸ்ஸும் மெட்ரோ ரயிலும் நகரத்தின் கையில் இல்லை, தனி ஆணையத்தின் கையில். பொதுச் சுகாதாரம் ஈரி மாவட்ட அரசின் பொறுப்பு. 2022 கிறிஸ்துமஸ் பனிப்புயலில் அந்தப் பகுதியில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பஃபலோவின் தெருக்களில் பனியை அள்ளுவது நகரத்தின் வேலை. மாவட்ட நிர்வாகி மார்க் போலன்கார்ஸ் நகரத்தின் செயல்பாட்டை வெளிப்படையாகவே விமர்சித்து, மறுநாள் மன்னிப்புக் கேட்டார். வீட்டுக்குள் உறைந்து கிடந்தவர்களுக்கு, எந்த வண்டி யாருடையது என்பது உயிர்ப் பிரச்சினை. வேட்பாளர் கூட்டத்தில் கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தால், 'பள்ளிகளை மேம்படுத்துவீர்களா' என்று பொதுவாகக் கேட்பதை விட 'பனிப்புயல் வந்தால் என் பக்கத்துத் தெருவுக்கு வண்டி எத்தனை மணி நேரத்தில் வரும்' என்று கேளுங்கள். அதிலிருந்து அவர் தப்பிக்க முடியாது.

குடியுரிமை இல்லாதவர்கள் செய்யக்கூடாத தவறு

இது மற்றவற்றைப் போல இல்லை, இதில் சறுக்கினால் வாழ்க்கையே கெடும். ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும் அலுவலகத்திலேயே வாக்காளர் பதிவும் செய்யலாம் என்று 1993 முதல் மத்திய சட்டம் இருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவரிடமும் விசாவில் இருப்பவரிடமும் அங்கே படிவத்தை நீட்டக்கூடும், திரையில் கேள்வி வரக்கூடும். 'நீங்கள் அமெரிக்கக் குடிமகனா' என்ற இடத்தில் தெரியாமல் 'ஆம்' என்று குறித்தாலும் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பம் சிக்கலாகலாம், நாடு கடத்தும் நடவடிக்கைவரை போகலாம். உள்ளூர்த் தேர்தல்தானே என்று எண்ணாதீர்கள். மேரிலாந்தின் டகோமா பார்க் போன்ற சில ஊர்களில் குடிமக்கள் அல்லாதவர்களுக்கும் நகரத் தேர்தலில் வாக்குரிமை உண்டு என்பது உண்மை. நியூயார்க் நகரமும் அப்படி ஒரு சட்டம் போட்டது, 2025 மார்ச்சில் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எங்கோ கேள்விப்பட்டதை வைத்து உங்கள் ஊரில் பதிவு செய்யாதீர்கள். தவறிப் பதிவாகிவிட்டது தெரிந்தால், வாக்களிக்காமல், உடனே குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

மேயர் பெயர் இல்லாத வருடத்தை விட்டுவிடுவது

பஃபலோ கதைக்கு ஒரு பின்பகுதி இருக்கிறது. அவ்வளவு பாடுபட்டுத் திரும்ப வந்த பிரவுன், பதவிக்காலம் முடியும் முன்பே, 2024 அக்டோபரில் விலகி, குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டும் சூதாட்டத்தை நடத்தும் ஒரு பொது நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்குப் போய்விட்டார். நகரசபைத் தலைவர் கிறிஸ் ஸ்கேன்லன் தற்காலிக மேயரானார். அவரை மேயராக்க ஊர் முழுக்க யாரும் வாக்களிக்கவில்லை. தென் பகுதி வார்டு வாக்காளர்கள் 2023இல் அவரைச் சபைக்கு அனுப்பினார்கள், சபை அவரைத் தலைவராக்கியது, நகரத்தின் அடிப்படைச் சட்டமான சாசனம் அவரை மேயர் நாற்காலியில் உட்கார வைத்தது. ஓராண்டுக்கும் மேல் அவர் கையில் நகரம் இருந்தது. அவர் முழுப் பதவிக்காலத்துக்கு நின்றபோது, 2025 ஜூன் பிரைமரியில் மாநில செனட்டர் ஷான் ரயனிடம் தோற்றார், நவம்பரில் ரயன் வென்றார்.

2023இல் மேயர் தேர்தல் இல்லையே என்று வாக்களிக்காமல் இருந்த பஃபலோக்காரர்கள் எத்தனையோ பேர். அந்த வருடம் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது பேரில் ஒருவர்தான் அடுத்த வருடம் அவர்கள் மேயர். நகரசபைக்கு அடுத்த தேர்தல் 2027இல் வருகிறது. அதற்கும் பிரைமரி ஜூனில்தான், கட்சிப் பதிவுக்கான கெடுவும் அதே பிப்ரவரி 14தான்.